மலையில் சோறு வேகும் நேரம்

நிஜாமு, இதையெல்லாம் போனில் சொல்ல முடியவில்லை. சொல்லத் தொடங்கினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், எனக்கு அழுகை முட்டும், கடைசியில் இரண்டு பேரும் "சாப்பிட்டியா" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு போனை வைத்துவிடுவோம். அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கை இது, எழுத்து கோணலாகத்தான் வரும், நீ நிதானமாகப் படி. உன்னைப் போல அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு வெளியூரில் கவலைப்படுகிற பிள்ளைகள் வேறு யார் படித்தாலும் எனக்கு வருத்தமில்லை. வரும் வெள்ளிக்கிழமை என் இத்தா முடிகிறது. கணவர் மவுத்தான பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும் என்பதை இருந்து முடித்துவிட்டேன். அன்றைக்கு வண்டி எடுத்துக்கொண்டு குன்னூருக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாய். என்னைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய் உன்னோடு வைத்துக்கொண்டு, இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம் என்கிறாய். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. பதிலை இதில் எழுதத்தான் போகிறேன். ஆனால் நீ வைத்துவிட்டுப் போன அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் பதிலுக்கு வர முடியாது.

முதலில் பால் விஷயம். நீ அதை நேரில் பார்க்கவில்லை, பக்கத்து வீட்டு சரசு சொன்னதைத்தான் கேட்டாய். சரசு நல்லவள். சத்தியமங்கலத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், எதையும் கொஞ்சம் பெரிதாகச் சொன்னால்தான் அவளுக்குச் சொன்ன மாதிரி இருக்கும். "ஊடே பொகையாப் போச்சுங்க தம்பி, நா மட்டும் ஓடி வரலைன்னா என்னாயிருக்குமோ" என்று அவள் உன்னிடம் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். புகை வந்தது உண்மை. பால் சட்டி கரியானதும் உண்மை. சாயங்காலம், உன் அத்தா கடை சாத்திவிட்டு வருகிற நேரம். அவருடைய வர்க்கி பிஸ்கட் கடையின் ஷட்டர் இறங்குகிற சத்தம் நம் ஜன்னலுக்கு நன்றாகக் கேட்கும் என்பது உனக்கே தெரியும். இப்போது கடையை எடுத்திருக்கிறவரும் அதே நேரத்துக்குத்தான் சாத்துகிறார். அந்தச் சத்தம் கேட்டதும் இத்தனை வருஷம் செய்தது போலப் பாலை அடுப்பில் ஏற்றினேன். ஏற்றிவிட்டு, படிக்கட்டில் அவருடைய இருமல் கேட்கும் என்று ஜன்னலோரம் போய் நின்றேன். பால் பொங்கியதோ கருகியதோ எனக்குத் தெரியவில்லை. நீங்கள் எல்லாரும் நான் பாலை மறந்துவிட்டதாகச் சொன்னீர்கள். நான் பாலை மறக்கவில்லை நிஜாமு. அவர் இல்லை என்பதை மறந்துவிட்டேன்.

மறுநாளே நீ பஸ் ஏறி வந்துவிட்டாய். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன், சரியாகப் போயிருக்கும். நீ பேசாமல் சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றி உன் பைக்குள் போட்டுக்கொண்டாய். கடைவீதிக்குப் போய் அந்த மைக்ரோவேவ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மேடையில் வைத்தாய். "இதுல தீ கிடையாதும்மா. நேரம் முடிஞ்சா தானா நின்னுக்கும். இத்தா முடியற வரைக்கும் இதுல சமாளி, அப்புறம் என்னோட வந்துரு" என்றாய். உனக்குச் செய்யத் தோன்றிய நல்லதை நீ செய்தாய். எனக்கு எப்படி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மவுத்தான வீட்டில் மூன்று நாள் அடுப்பு மூட்டுவதில்லை, சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும்தான் சோறு கொண்டுவருவார்கள். நாலாம் நாள் அடுப்பு எரிந்தால்தான் வீடு மறுபடியும் வீடாகும். நீ ரெகுலேட்டரைக் கழற்றிக்கொண்டு போனதும் அந்த மூன்றாம் நாள் முடியாமலே நின்றுவிட்ட மாதிரி இருந்தது. கொஞ்ச நாள் அந்தப் பெட்டியின் மேல் துணி போர்த்தி வைத்திருந்தேன். சரசு கொடுத்தனுப்பும் டீயும் பன்னும் இட்லியுமாகப் போனது. நீ போனில் கேட்டபோதெல்லாம் "சமைச்சேன், சாப்பிட்டேன்" என்று சொன்னது பொய்.

துணியை எடுத்தது நானில்லை, சரசு. ஒரு நாள் மத்தியானம் வந்து இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு, "ஏனுங்க பாயம்மா, இதென்ன உங்கூட்டுல புதுப் பொண்ணா, இப்பிடி முக்காடு போட்டு உக்கார வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். அவர் போன பிறகு முதல்முறையாக எனக்குச் சிரிப்பு வந்தது அன்றைக்குத்தான். "தீயே இல்லாம எப்பிடிங்க வேகும்? உள்ளுக்குள்ள யாராச்சும் உக்காந்து ஊதறாங்களா?" என்று கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். எனக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது. தீ இல்லாமல் எப்படி வேகும்? இத்தனை வயது வரைக்கும் விறகு, ஸ்டவ், கேஸ் என்று எல்லாவற்றிலும் சமைத்துவிட்டேன். எல்லாவற்றிலும் சூடு கீழேயிருந்துதான் வரும். இதில் எங்கேயிருந்து வருகிறது? அந்தக் கேள்விதான் என்னை எழுப்பி அடுப்படிக்குக் கொண்டுவந்தது. பசி என்று நினைத்துக்கொள்ளாதே, பசி பிறகுதான் வந்தது.

எவர்சில்வர் வைக்கக் கூடாது, அலுமினியம் வைக்கக் கூடாது என்று நீ சொல்லிவிட்டுப் போனாய். அலமாரியைத் திறந்து பார்த்தால் நம் வீட்டில் வேறு என்ன இருக்கிறது? பெயர் வெட்டின சீர்ப் பாத்திரம் எல்லாமே எவர்சில்வர். கடைசியில் பீங்கான் நினைவுக்கு வந்தது. பெருநாளைக்கும் விருந்துக்கும் மட்டும் எடுக்கிற அந்தப் பெரிய தட்டு, ஓரத்தில் தங்கக் கோடு போட்டது. அதில் சரசு கொடுத்த இட்லியை வைத்துக் கதவை மூடி, பொத்தானை அமுக்கினேன். உள்ளே சட்சட்டென்று மின்னல். தீபாவளிக்குச் சரசு வீட்டில் விடுவார்களே, அந்த மாதிரிப் பொறி. சரசு "ஐயோ கரண்டு புடிச்சிருச்சு!" என்று வாசலுக்கே ஓடிவிட்டாள். இத்தா இருக்கிறவள், நான் எங்கே ஓடுவது? நிறுத்துகிற பொத்தான் எது என்று தெரியாமல் கதவையே இழுத்துவிட்டேன், கதவு திறந்ததும் தானாக நின்றுவிட்டது. தட்டைச் சூடு ஆறவிட்டு எடுத்துப் பார்த்தேன். தங்கக் கோடு மட்டும் அங்கங்கே கருத்திருந்தது. மற்ற இடமெல்லாம் அப்படியே இருந்தது. அந்தக் கோடும் உலோகம்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது. உன் வீட்டிலும் அந்த மாதிரிக் கோடு போட்ட கப்புகள் இருக்கின்றன, கல்யாணத்துக்கு வந்தது. அதை உள்ளே வைக்காதே. மருமகளிடமும் சொல். பிறகு சரசு கடைவீதியில் தடித்த கண்ணாடிப் பாத்திரம் இரண்டு வாங்கிக் கொடுத்தாள், சூடு தாங்கும் என்று போட்டது. அதில்தான் எல்லாம்.

அதற்குப் பிறகு எனக்கு வேறு வேலை இல்லை. வெளியே இறங்க முடியாது. மழை நிற்கவில்லை, மூடுபனி ஜன்னல் வரைக்கும் வந்து நிற்கிறது. பெட்டியும் நானும்தான். இரண்டு கண்ணாடிப் பாத்திரத்தையும் உள்ளே வைத்தேன், ஒன்றில் தண்ணீர், ஒன்றில் ஒன்றும் இல்லை. தண்ணீர் கை வைக்க முடியாத சூடு, காலிப் பாத்திரம் சும்மா வெதுவெதுப்பு. அப்படியானால் இது பாத்திரத்தைச் சுடுவதில்லை, உள்ளே இருக்கிற ஈரத்தைத்தான் பிடித்துச் சுடுகிறது என்று நானாக முடிவுக்கு வந்தேன். நீ பெட்டியைக் காலியாக ஓட்டாதே என்று சொன்னது அப்போது புரிந்தது. பிடித்துச் சுட உள்ளே எதுவும் இல்லையென்றால் அந்தச் சக்தி திரும்பிப் பெட்டியையே கெடுக்கும். உருளைக்கிழங்கு ஒன்றை அப்படியே வைத்தேன். டப்பென்று ஒரு சத்தம், தோல் பிளந்து பாதி மாவு சுவரில் ஒட்டிக்கொண்டது. உள்ளே கிளம்பின ஆவிக்கு வழியில்லை, அவ்வளவுதான். அடுத்த கிழங்கை முள்கரண்டியால் நாலு பக்கமும் குத்தி வைத்தேன், பூப் போல வெந்தது. முட்டையை ஓட்டோடு வைக்காதே என்று நீ ஏன் சொன்னாய் என்பதை அந்தக் கிழங்குதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. மூடி போட்டாலும் இறுக்கி மூடக் கூடாது, ஒரு ஓரம் திறந்திருக்க வேண்டும். எடுத்த பிறகு மூடியைத் திறக்கும்போது முகத்துக்கு எதிர்ப் பக்கமாகத் திறக்க வேண்டும்.

வர்க்கியைச் சொல்லாமல் விட்டால் உன் அத்தா கோபித்துக்கொள்வார். இந்த மழையில் டப்பாவில் போட்டாலும் வர்க்கி நமுத்துப் போகிறது. கடையில் நமுத்ததை அவர் பேக்கரிக்காரரிடம் கொடுத்து மறுபடியும் சூட்டில் வைத்து வாங்குவார். நான் இந்தப் பெட்டியில் வைத்துப் பார்த்தேன். எடுத்துத் தொட்டால் முன்னைவிட மெத்தென்று இருந்தது. சரி, கெட்டுவிட்டது என்று இன்னும் கொஞ்சம் ஓட்டினேன், அப்போதும் மெத்து, இன்னும் கொஞ்சம் ஓட்டினேன். கடைசியில் புகை வாசனை வந்தது. வெளியே பார்த்தால் அதே வெளுப்பு, உடைத்தால் நடுவில் கரி. தீயில் சுட்டால் முதலில் வெளியே கருகும், நாம் பார்த்து எடுத்துவிடலாம். இதில் உள்ளே கருகிவிட்டு வெளியே நல்லபிள்ளையாக உட்கார்ந்திருக்கிறது. அப்புறம்தான் தெரிந்தது, கொஞ்ச நேரம் மட்டும் வைத்து எடுத்து ஆறவிட வேண்டும், ஆறும்போதுதான் மொறுமொறுப்பு வரும். காத்திருக்கத் தெரியாதவர்களுக்கு இந்தப் பெட்டி ஆகாது. எதை வைத்தாலும் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே விட வேண்டும். உள்ளே சூடு பரவுகிற வேலை அப்போதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

பயந்ததும் உண்டு. டீக்குத் தண்ணீர் வைத்தேன். நேரம் முடிந்து பார்த்தால் ஒரு குமிழி இல்லை, ஆவி கூட சரியாக இல்லை. காயவில்லை என்று இன்னொரு தடவை ஓட்டினேன். அப்போதும் குளம் மாதிரி அசையாமல் நின்றது. எடுத்து மேடையில் வைத்து டீத்தூளைப் போட்டேன். அவ்வளவுதான், புஸ்ஸென்று பொங்கிக் கண்ணாடிக்கு மேலே எகிறிவிட்டது. தூரத்திலிருந்து கையை நீட்டிப் போட்டதால் தப்பித்தேன், குனிந்திருந்தால் முகம் போயிருக்கும். கொதிக்காதது போல இருந்த தண்ணீர் கொதித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது, கிளம்ப ஒரு சாக்கு தேடிக்கொண்டு. இப்போது தண்ணீர் வைத்தால் ஒரு மரக்கரண்டியைப் போட்டுத்தான் வைக்கிறேன், தேவைக்கு மேல் ஓட்டுவதுமில்லை, எடுத்த உடனே எதையும் போடுவதுமில்லை. நீ ஆபீஸிலிருந்து வந்து கப்பில் தண்ணீர் சூடு பண்ணிக் காப்பித்தூள் போடுகிறவன். அதனால் இதை இரண்டு தடவை படி.

கறி சமைக்க மட்டும் பயமாக இருந்தது. கரண்ட்டை நம்பி என்ன செய்வது? இங்கே ஒரு மரக்கிளை விழுந்தால் ஜெகதளா வரைக்கும் இருட்டு. ஒரு நாள் கோழி பாதி வெந்திருக்கும்போது கரண்ட் போனது. மறுபடியும் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பாதி வெந்த கறி வெதுவெதுப்பாக உட்கார்ந்திருப்பது பச்சைக் கறியைவிட மோசம். அதைச் சரசு வீட்டுக் கேஸில் உடனே முழுக்க வேகவைத்து வாங்கிக்கொண்டேன். "ஏனுங்க பாயம்மா, உங்க பொட்டி பாதி வேலை செஞ்சுபோட்டு மீதிய எந்தலைல கட்டுதுங்களே" என்றாள் சரசு. அவர்கள் வீட்டில் கறி செய்வதில்லை, ஆனாலும் முகம் சுளிக்காமல் தன் பழைய சட்டியைக் கொடுத்தாள். இப்போது கறி வைத்தால் துண்டைச் சின்னதாக வெட்டுகிறேன், தட்டின் நடுவில் குவிக்காமல் சுற்றிவர வைக்கிறேன், பாதியில் நிறுத்திக் கிளறுகிறேன். இந்தப் பெட்டியின் சூடு ஒரே மாதிரி விழுவதில்லை, ஒரு பக்கம் கொதிக்கும், ஒரு பக்கம் சும்மா இருக்கும். பெரிய துண்டை நடுவில் வெட்டிப் பார்த்து, சிவப்பு இல்லை, ஆவி பறக்கிறது என்று தெரிந்தால்தான் சாப்பிடுகிறேன். பழைய சோற்றையும் அதற்கு ஊற்றிக்கொள்கிற ஆணத்தையும் ஆறின உடனே பிரிட்ஜில் எடுத்து வைத்துவிடுகிறேன், வேண்டியதை மட்டும் ஒரே ஒரு தடவை, ஆவி பறக்கச் சூடு பண்ணுகிறேன். நீ ஹோட்டல் பார்சலை அந்தப் பிளாஸ்டிக் டப்பாவோடு உள்ளே தள்ளுவதை வீடியோவில் பார்த்தேன். அதைக் கண்ணாடிக்கு மாற்றி வை. அது ஒரு நிமிஷ வேலை.

இவ்வளவும் ஆனது. சோறு மட்டும் வரவில்லை. நான் இந்தக் கடிதம் எழுதுவதே அந்தச் சோற்றால்தான். உனக்கு நினைவிருக்கும். நீ போனில் ஒவ்வொன்றாகச் சொன்னாய், இவ்வளவு அரிசி, இவ்வளவு தண்ணீர், இவ்வளவு நிமிஷம். உன் வீட்டில் அப்படித்தான் செய்கிறீர்கள், பொலபொலவென்று வருகிறது என்றாய். அப்படியே செய்தேன். பல்லில் கடிபட்டது. நீ சொன்னாய், "நிமிஷத்த மாத்தி அமுக்கியிருப்பம்மா." மறுநாள் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பொத்தானாகப் பார்த்து அமுக்கினேன். அதே நொறுக்கரிசி. "தண்ணி அளவு தப்பியிருக்கும்." மூன்றாவது முறையும் அப்படியேதான் வந்தது என்று சொன்னேன். நீ மெதுவாக, "அம்மா, சரியா ஞாபகம் வெச்சுத்தான் செஞ்சியா?" என்று கேட்டாய். பக்கத்தில் மருமகள் ஏதோ சொன்னாள், டாக்டர் என்று ஒரு வார்த்தை கேட்டது. அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்குத்தான் எனக்கு உண்மையில் பயம் வந்தது. பால் கருகிய நாளில் கூட அந்தப் பயம் இல்லை, அது ஏன் நடந்தது என்று எனக்குத் தெரியும். சோறு ஏன் வேகவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. நான் அளந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு அளக்காமலே விடுகிறேனோ? பத்து என்று நினைத்து ஏழை அமுக்குகிறேனோ? தொழுகையில் எத்தனை ரக்அத் ஆனது என்று அவர் போன பிறகு இரண்டொரு தடவை குழம்பியிருக்கிறேன். அதையும் இதையும் சேர்த்து யோசித்தேன். தலைக்குள் ஏதோ கழன்றுகொண்டிருக்கிறது, பிள்ளை சொல்வதுதான் சரி, கூப்பிட்ட இடத்துக்குப் போய்விடுவோம் என்று சூட்கேஸில் துணிகூட அடுக்கினேன். பச்சை அரிசி மாதிரி ஒரு பயம் நிஜாமு, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

என்னைக் காப்பாற்றியது உன் குப்பி. உன் அத்தாவின் தங்கை என்றாலும் எனக்கு அவள்தான் பாதி உயிர். மேட்டுப்பாளையத்திலிருந்து தினமும் போன் செய்வாள், அழுவாள், பிறகு என்ன ஆணம் என்று கேட்பாள். அவளிடம் மட்டும் சொன்னேன். "மச்சி, எங்கூட்டுலயும் அதே பொட்டிதான் இருக்குது, எம் மருமவ வாங்கினது. நா தெனமும் அதுலதான் சோறாக்கறேன், நல்லாத்தான் வேகுது" என்றாள். எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. ஆனால் அவள் விடவில்லை. "அழுவாதீங்க மச்சி. நாளைக்கு ரெண்டு பேரும் ஒண்ணா ஆக்குவோம். நீங்க ஒரு டம்ளர் போடுங்க, நா ஒரு டம்ளர் போடறேன். ரெண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிச் செய்வோம். எது தப்பிப்போவுதுன்னு எனக்குக் கேக்கும்ல?" என்றாள்.

அதே மாதிரி செய்தோம். சரசு என் பக்கத்தில் சாட்சி. ஸ்பீக்கரில் போட்டு, நான் "ஒரு டம்ளர் அரிசி, ரெண்டு டம்ளர் தண்ணி" என்றால் அவள் அங்கே "ஒண்ணு, ரெண்டு" என்பாள். ஊறவைத்த நேரம் இரண்டு பேருக்கும் ஒரே அளவு. அமுக்கிய நிமிஷமும் அதே மாதிரி. சரசு பெட்டியில் எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்துச் சரிபார்த்தாள். நின்ற பிறகு விட்ட நேரமும் ஒரே அளவு. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூடியைத் திறந்து ஒரு பருக்கையை எடுத்தோம்.

"மச்சி, எங்கூட்டுல வெந்துருச்சு. உங்கூட்டுல?"

நான் பாத்திரத்தைச் சரசு பக்கம் நகர்த்தினேன். சரசுதான் ஒரு பருக்கையைக் கடித்துப் பார்த்துவிட்டு, "இங்க கல்லுங்க அக்கா. கல்லுன்னா கல்லு. பாயம்மா ஒண்ணும் தப்பாப் பண்ணலீங்க, நா கண்ணால பாத்தேன்" என்று கத்தினாள்.

குப்பி சொன்னாள், "அப்ப உங்க மேல தப்பில்ல மச்சி. உங்க மலை மேலதான் தப்பு."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. குக்கர் இல்லாமல் இந்த ஊரில் பருப்பு வேகாது என்று கல்யாணமாகி வந்த புதிதிலேயே எனக்குச் சொன்னார்கள். சமவெளியில் சட்டியில் வேகிற பருப்பு இங்கே நாள் முழுக்கக் கொதித்தாலும் கொழகொழப்பதில்லை. எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஏன் என்று நான் கேட்டதே இல்லை, குக்கர் வாங்கிக்கொண்டேன், அதோடு முடிந்தது. சோற்றையும் அதிலேயே வைத்துப் பழகிவிட்டேன். குக்கரில் ஆவியை அடைத்து வைக்கிறோம். இந்தப் பெட்டியில் அடைக்க முடியாது, மூடியின் ஓரம் திறந்திருக்க வேண்டும். அப்படியானால் சோறும் பருப்பைப் போலத்தானே நடந்துகொள்ளும்? குப்பி பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூட டீச்சரிடம் கேட்டுவிட்டு அன்று சாயங்காலமே கூப்பிட்டாள். உயரமான இடத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுமாம். கொதிக்கிறது என்று நாம் நினைப்போம், ஆனால் கீழே இருக்கிற அளவு சூடு அதில் இருக்காதாம், அதனால் அரிசி வேக இன்னும் நேரம் வேண்டுமாம், தண்ணீரும் கூட வேண்டுமாம். பெட்டியோடு வந்த பேப்பரில் எழுதியிருக்கிற நிமிஷம் எல்லாம் கீழே இருக்கிற ஊர்களுக்கு. உன் சென்னைக்குச் சரி. குன்னூருக்குச் சரியில்லை. கோத்தகிரியில் இருக்கிறவளுக்கும் சரியில்லை, ஊட்டியில் இன்னும் கூட வேண்டும்.

மறுநாள் அரிசியை நன்றாக ஊறவைத்தேன். தண்ணீரைக் கொஞ்சம் கூட்டினேன். நேரத்தையும் கூட்டி, நடுவில் ஒரு முறை திறந்து பார்த்து, நின்ற பிறகும் மூடியே விட்டேன். வெந்துவிட்டது நிஜாமு. ஒவ்வொரு பருக்கையும் வெந்தது. மோர் ஊற்றி, ஊறுகாய் வைத்துக்கொண்டு, மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே சாப்பிட்டேன். சரசுவுக்கு ஒரு தட்டு. "இப்பத்தானுங்க சோறு மாதிரி இருக்குது, நேத்து வரைக்கும் நீங்க ஆக்குனது கோழித் தீவனம்" என்றாள். அந்த நாளுக்குப் பிறகு நான் சமைத்தேன், சாப்பிட்டேன் என்று உன்னிடம் சொன்னது எதுவும் பொய்யில்லை. எனக்கு அவர் இல்லாத துக்கம் இருக்கிறது, அது போகாது, போக வேண்டும் என்று நான் துஆ கேட்பதும் இல்லை. ஆனால் துக்கம் வேறு, புத்தி கழன்றுபோவது வேறு. இரண்டையும் நீயும் ஒன்றாக நினைத்தாய், நானும் நினைத்தேன். தண்ணீர் எத்தனை சூட்டில் கொதிக்கிறது என்று தெரிந்த பிறகுதான் எனக்கு அந்த வித்தியாசம் பிடிபட்டது.

நீ வருத்தப்பட வேண்டாம். இதில் உன் தப்பு ஒன்றும் இல்லை. நீ பிறந்து வளர்ந்த ஊர் இதுதான், ஆனால் நீ இங்கே அடுப்படிக்குள் வந்ததில்லை, உன் சமையல் எல்லாம் சென்னையில் தொடங்கியது. தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு அம்மா எப்படித் தெரிவாள்? போனில் கேட்கிற குரலை வைத்துத்தான். அந்தக் குரல் அழுதால் பயப்படத்தான் செய்வாய். நானும் அப்படித்தான், நீ முதல் தடவை விடுதியில் சேர்ந்து, போனில் மூக்கை உறிஞ்சின நாளில், உன்னைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வா என்று உன் அத்தாவோடு சண்டை போட்டேன். "அழுவட்டும் விடு, ஒரு வாரத்துல சோறு எங்க நல்லாருக்குன்னு கண்டுபுடிச்சுருவான்" என்றார். நீ கண்டுபிடித்தாய்.

இப்போது பதில். நான் வெள்ளிக்கிழமை உன்னோடு வரவில்லை. வீட்டை வாடகைக்கு விட வேண்டாம், யாரிடமும் பேச வேண்டாம், பேசியிருந்தால் இல்லை என்று சொல்லிவிடு. சென்னைக்கு வரவே மாட்டேன் என்று சொல்லவில்லை. மருமகள் கூப்பிட்டால் வந்து பத்து நாள் இருப்பேன், அவள் கையால் சாப்பிடுவேன், திரும்பி வருவேன். கேஸ் வேண்டுமா, இந்தப் பெட்டியே போதுமா என்பதை நேரில் பேசிக்கொள்ளலாம், எனக்கு இரண்டிலும் பிடிவாதம் இல்லை. ஒரு நாள் உண்மையாகவே எனக்கு மறதி வரலாம். வயது யாரையும் விடுவதில்லை. அந்த நாள் வந்தால் உன்னிடம் மறைக்க மாட்டேன், குப்பியையும் சரசுவையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு நானே உன்னைக் கூப்பிட்டுச் சொல்வேன். அது வரைக்கும் நீ என்னிடம் "ஞாபகம் இருக்கா" என்று கேட்காதே. "என்ன ஆக்கின" என்று கேள்.

வெள்ளிக்கிழமை இத்தா முடிந்து குளித்து, ஜும்ஆ நேரத்துக்கு முன்னால் சோறாக்கிவிடுவேன். என்ன ஆணம் என்று இப்போது கேட்டால் எனக்கே தெரியாது. அந்தப் பெட்டியில் மீன் எப்படி வரும் என்று இன்னும் வைத்துப் பார்க்கவில்லை, வைத்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது. கெட்டுப்போனால் கெட்டுப்போனதைத்தான் சாப்பிடப் போகிறோம். மழை இருக்கிறது, பர்லியாறு வளைவுகளில் நிதானமாக ஓட்டு, கல்லாறில் நின்று எதையாவது வாங்கி வயிற்றை நிரப்பிக்கொள்ளாதே. வண்டியைக் காலியாகவே கொண்டுவா, காலியாகவே திருப்பிக் கொண்டுபோ. நீ மட்டும் பசியோடு வா.